இரண்டு தரம் கழித்த ஆறு மணி

தான்சானியாவின் டாங்கா ஊரில் சலாம் சொல்லாமல் ஒருவரைக் கடந்து போவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஒரே மேசையில் எதிரெதிரே வேலை பார்க்கும் சுஹுராவும் காசிமும் பதினோரு நாளாக அப்படித்தான் அறைந்துகொண்டிருந்தார்கள்.

காரணம் அற்பம். "சுஹுரா எழுதுற புரோகிராம் உகாலிக் களி மாதிரி, கிளறக் கிளறக் கெட்டியாத்தான் போகும்" என்று காசிம் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான். மூன்று பிள்ளைகளுக்குக் களி கிளறிவைத்துவிட்டு வேலைக்கு வருகிறவள் அவள். சுருக்கென்றது.

தடுப்பூசி முகாமுக்கு வரச்சொல்லித் தாய்மாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் அவர்களுடையது. வெள்ளோட்டத்திலேயே நர்ஸ் கோலெட்டா ஒரு பிழையைப் பிடித்து, இருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொன்னாள். விடிந்த பிறகு மணி எண்ணுகிற ஊர் இது. கடிகாரத்தில் காலை எட்டென்றால் ஜனங்களுக்கு இரண்டு. செய்தியோ எட்டு என்றே போனது. ஊர்க்கணக்கில் அது பிற்பகல்.

ஆறைக் கழித்தால் தீர்ந்தது. ஆளுக்கொரு நகலில் வேலை செய்வார்கள், அதற்குக் கிளை என்று பெயர். சுஹுரா தன் கிளையில், நேரத்தை எடுக்கும் கோப்பில் ஆறைக் கழித்தாள். காசிம் தன் கிளையில், செய்தியை எழுதும் கோப்பில் கழித்தான். தனித்தனியாக இரண்டும் சரி.

இரண்டையும் இணைத்தவள் சுஹுராதான். ஒரே வரியில் இருவர் கையும் பட்டிருந்தால் கணினி கூச்சல் போட்டிருக்கும். கோப்பு வேறு வேறு என்பதால் முரண் எதுவுமில்லை என்றது. 'நீ எதைத் தொட்டே?' என்று எதிரே இருப்பவனைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒருமுறை கழித்து வந்த இரண்டிலிருந்து இன்னொரு ஆறு போனால் முள் பின்னால் சுற்றி மறுபடி எட்டிலேயே நிற்கும். திரையில் எட்டைப் பார்த்தாள். முகாம் எட்டுக்குத்தானே என்று கண் ஏமாந்தது.

செவ்வாய் பிற்பகல் நர்ஸின் போன். "ஏம்மா, முப்பது பொம்பளைங்க இப்பதான் வந்து நிக்கிறாங்க. மருந்துப் பெட்டி மத்தியானமே திரும்பிப் போயிடுச்சு. நான் எதைக் குத்த, என் சேலை ஊக்கையா?"

இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்தார்கள்.

"நீயும் கழிச்சியா?" என்றான் காசிம். பதினோரு நாளில் முதல் பேச்சு.

"நீ சொல்லலியே."

"நீ கேக்கலியே."

ஒரு கழித்தலை நீக்கிப் புதிதாகச் செய்தி அனுப்பினார்கள். அடுத்த செவ்வாய் காலை எட்டுக்குச் சுஹுராவே முகாமில் போய் நின்றாள். இருபத்தொன்பது பேர் வந்தார்கள். போன வாரம் நார்க்கற்றாழைத் தோட்டத்திலிருந்து இரண்டு மணி நேரம் பிள்ளையை முதுகில் கட்டி நடந்து வந்திருந்த மோசா மட்டும் வரவில்லை. சுஹுரா அவளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, காசிம்கிட்ட பைக் இருக்கு. வந்து கூட்டிட்டு வரட்டுமா?"

"வேணாம் தங்கச்சி. அன்னிக்கு ஒரு நாள் கூலி போச்சு, மேஸ்திரி இனிமே லீவு தரமாட்டான். உங்க செய்தி வந்தா இப்பல்லாம் நான் படிக்கிறதேயில்லை."

இப்போது காலையில் காசிமுக்கு முதல் சலாம் சுஹுராவுடையது. அம்மா சுகமா, ஆடு சுகமா என்று நீட்டி விசாரித்துவிட்டு, "இன்னிக்கு எதைத் தொடுறே?" என்கிறாள். அவனும் ஒழுங்காகச் சொல்கிறான்.

தடுப்பூசிப் பட்டியலில் மோசாவின் பிள்ளைக்கு நேரே உள்ள கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.