குப்பைப் பையிலிருந்து எடுத்த பொட்டலம்

தைப்பூசத்துக்காகக் கிள்ளான் நண்பர்கள் பத்துமலையில் போட்ட தண்ணீர்ப் பந்தலில் நானும் புளிச்சோறு பொட்டலம் கட்டினேன். பந்தல் தலைவர்தான் சமையல். நெடிய மனிதர், கழுத்தில் எப்போதும் ஈரத் துண்டு. விரதம் என்பதால் நாங்கள் யாரும் ருசி பார்ப்பதில்லை. அண்டாவை இறக்கியதும், "வாசனையே சொல்லுது, நல்லா வந்திருக்குல்ல?" என்று கேட்டு, "வந்திருக்கு" என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார்.

மதியத்துக்குள், பாதி தின்று எறிந்த பொட்டலங்களால் குப்பைப் பை நிரம்பிவிட்டது. தலைவர் அதன்முன் நெடுநேரம் நின்றார். பிறகு குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு கவளத்தை வாயில் போட்டார். அவர் விரதம் அதோடு முறிந்தது.

"அண்ணே, அது குப்பைலா," என்றார் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா.

"வெந்தயம் கருகி ஒரே கசப்பு. கூட்டத்துல சாப்பிட முடியாம போட்டுட்டுப் போறாங்கன்னு வருஷா வருஷம் சொல்லிக்கிட்டேன். உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"வாங்கித் திங்கிறவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நீங்க எங்க எங்களப் பேச விட்டீங்க?"

கரண்டியை அவரிடம் நீட்டினார் தலைவர். "அடுத்த அண்டா நீங்க ஆக்குங்க. நான் பொட்டலம் குடுத்து மூஞ்சியப் பாக்குறேன்."

பக்கத்து அண்டாவிலேயே அதே சோறு இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் ஏன் பைக்குள் கைவிட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.