கடைசி மணி நேரத்துப் பாடம்

மூன்றாம் செமஸ்டருக்கான விருப்பப் பாடப் படிவம் என் கைக்கு வந்தபோது அதில் பாடத்தின் பெயரை யாரோ எழுதி முடித்திருந்தார்கள். மணப்பெண் அலங்காரம். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

அருப்புக்கோட்டையில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஊர் திருச்சுழிப் பக்கம். பஸ்ஸில் வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் அதே பாடம், அதே நீல மை. டவுனுப் பெண்களுக்கு மட்டும் வெற்றுப் படிவம்.

எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'அடிப்படைப் புள்ளியியல்' என்று எழுதினேன். அதற்கு முந்தைய கோடையில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்திருந்தார்கள். ஆடு எத்தனை, வேலைக்குப் போன நாள் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்த எண்களை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "உனக்குச் சொன்னா புரியாதும்மா" என்றார் வந்தவர். அது மனதில் கிடந்தது.

வகுப்புப் பொறுப்பாளர் மேடம் படிவத்தைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அது கடைசி பீரியடு கிளாஸும்மா. நாலரைக்குத்தான் விடுவாக. உங்க பஸ்ஸு நாலு பத்துக்கு, அதை விட்டா ஆறரைக்கு. உங்க நல்லதுக்குத்தான் நானே எழுதுனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம்."

அவர் முகம் சுருங்கியது. எட்டுப் பேர் சேராமல் அந்தப் பாடம் நடக்காது, வரலாற்றில் நான் ஒருத்திதான் கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றார்.

அன்று பஸ்ஸில் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஆறு பேருக்கு ஆசை இருந்தது. யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். "நேரத்தை மாத்த முடியுமான்னு பாரு, நாங்க வாரோம்" என்றார்கள்.

மறுநாள் வரலாறு, புள்ளியியல் என்று இரண்டு துறைகளின் கால அட்டவணையையும் அறிவிப்புப் பலகையிலிருந்து பார்த்து எழுதினேன். அந்தப் பாடம் நடக்கும் செவ்வாயும் வியாழனும் இரண்டாவது மணி நேரம் புள்ளியியல் சாருக்கு வகுப்பு இல்லை. எங்களுக்கு அப்போது நூலக நேரம். அதைக் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, அட்டவணை தயாரிக்கும் சாரிடம் போனேன்.

"டைம்டேபிள் போடுறது நானா, நீயா?"

"நீங்கதான் சார். இந்த ரெண்டையும் இடம் மாத்துனா போதும்."

"லைப்ரரி பீரியட எடுத்துட்டா புத்தகம் எப்பப் படிப்பீக?"

"அந்த நேரத்துல லைப்ரரி பூட்டித்தான் சார் கிடக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. என் தாளை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை வகுப்பு மட்டும் மாறியது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது மணி நேரத்தில் புள்ளியியல் சாரை வேறு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வகுப்பு கடைசி மணி நேரத்திலேயே இருந்தது. அதைக் கேட்டு ஒருத்தி விலகினாள். டவுனிலிருந்து வரும் இரண்டு பெண்கள், "நாங்க சும்மா எதையோ எழுதிக் குடுத்தோம், இதுக்கே மாத்திக்கிறோம்" என்று வந்தார்கள். எட்டு ஆனது.

தாமதமாகப் போவதற்கு வீட்டில் சம்மதக் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றார்கள் கல்லூரியில். அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தாள்.

"செவ்வாக்கிழமை ஊரு வந்து சேர ஏழரை ஆகும்மா."

"ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

"நீ ரெண்டாம் ஷிப்டு முடிச்சிட்டு ராத்திரி வந்தப்பப் பேசலையா?"

"பேசுனாக."

"வேலைக்குப் போறத நிறுத்துனியா?"

அம்மா பேனாவை வாங்கி, தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினாள்.

முதல் உள்தேர்வில் நான் தேறவில்லை. மேடம் கூப்பிட்டு, "இப்பவும் மாத்திக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

"வேண்டாம் மேடம். தோத்தாலும் இதுலயே தோத்துக்கிறேன்."

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஆறரை வரைக்கும் உட்கார்ந்து, பஸ்ஸில் போகும் ஆறு பேரும் கணக்குப் போட்டோம். கூடி நின்று பார்த்தவர்களும் உண்டு. நாங்கள் நோட்டை மூடவில்லை.

செமஸ்டர் தேர்வில் தேறினேன். பெருமையாகச் சொல்லும் மதிப்பெண் இல்லை. கேட்டவர்களிடம் அதைக் குறைத்தோ கூட்டியோ சொன்னதும் இல்லை.