ஒலிநாடாவில் மாமாவின் பெயர்

எல்லைப் பனிமலைகளில் போர் நடந்து முடிந்த அவ்வாண்டு, புனே நகரத்துப் பிள்ளையார் பந்தல்கள் பலவற்றிலும் பனி பெய்தது. பஞ்சினால் ஆன பனி. முந்தைய ஆண்டுவரை புராணக் கதைகளை மேடையில் நடித்துக் காட்டிவந்த மண்டல்கள் (தெருவுக்கு ஒன்றாக அமைந்த விழாக்குழுக்களை அங்கே அப்படித்தான் அழைப்பர்) அவ்வாண்டு ஒருமித்துப் போர்முனைக்குப் புறப்பட்டுவிட்டன.

கேம்ப் பகுதியில் எங்கள் சந்தின் மண்டலும் பின்தங்கவில்லை. மேலப்பாளையத்திலிருந்து வந்து அச்சந்தில் தையற்கடை வைத்திருந்தார் வாப்பா. உம்மாவின் தம்பியான மாமா, மீசை முளைக்கும் முன்பே வந்து எங்களோடு தங்கிக் கடையில் துணி வெட்டினார். ஆண்டுதோறும் பந்தலின் தொங்கல்களை அவரே தைத்தார். ஊர்வலத்தில் தோள் கன்றும்வரை ‘தோல்’ என்னும் பெருமேளம் அடித்தார். திரைப்படம் என்றால் உயிர். கடைக் கண்ணாடியின் முன் அவர் அழுது பழகுவதைக் கண்டு எட்டு வயதான நான் உண்மையென்று நம்பி அழுததுண்டு.

மண்டலின் தலைவர் பால்கடைக்காரர். எல்லாருக்கும் அவர் ‘பாவு’, அதாவது அண்ணன். அவ்வாண்டின் கதையை எங்கள் கடையில் அமர்ந்து, உம்மா கொடுத்த தேநீரைக் குடித்தபடிதான் அவர் விவரித்தார். ஒரே மலையூரில் வளர்ந்த நண்பர் இருவர். ஒருவன் படையில் சேர்கிறான். மற்றவன் பகைவரோடு சேர்ந்து அவர்களுக்குப் பாதை காட்டி, அவர்கள் கொடுத்த துப்பாக்கியால் நண்பனையே சுடுகிறான். வீரன் வீழுமுன் துரோகியைச் சுட்டு வீழ்த்துகிறான். வீரனாக நடிக்க ஐந்தாறு பேர் முந்தினார்கள். துரோகிக்கு ஆளில்லை. மாமா கேட்டிருந்தது வீரன் வேடம்.

“அட, வீரனுக்கு என்னப்பா வேலை இருக்கு? நெஞ்சை நிமித்திட்டு நின்னு சாகணும். நடிப்பு முழுக்க இவன்கிட்டதான்” என்றார் பாவு, இந்தியில்.

“சாகுறது ரெண்டு பேரும்தானே பாவு? நான் கொஞ்சம் கௌரவமா செத்துட்டுப் போறேனே” என்றார் மாமா.

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது வேடம் முடிவாகியிருந்தது.

அந்நாளைய திரைப்படங்கள் துரோகிக்கு ஓர் இலக்கணம் வகுத்திருந்தன: கண்ணில் சுர்மா மை, கழுத்தில் தாயத்து, தோளில் கட்டம்போட்ட துண்டு. மூன்றும் எங்கள் வீட்டிலேயே இருந்ததால் மண்டலுக்குச் செலவு வைக்கவில்லை. தொப்பியை மட்டும் பாவு வேண்டாமென்று விலக்கினார். “யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது பாரு” என்றார். அவர் நல்லவர். அதை இன்றும் நான் ஐயுறவில்லை.

அத்தகைய காட்சிகளில் நடிப்பவர் பேசுவதில்லை. வசனம் முழுவதையும் முன்கூட்டியே ஒலிநாடாவில் பதிந்துவிடுவர்; மேடையில் வாயசைத்தால் போதும். குரல் கொடுப்போர் வேறு. பதிவின்போது ஓர் இடர் எழுந்தது. சாகும் வீரன் நண்பனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கதையில் துரோகிக்குப் பெயரில்லை. யாரோ ஒருவர், நடிக்கிறவன் பெயரையே வைத்துவிட்டால் அவனுக்கும் திரும்பிப் பார்க்க எளிது என்றாராம். வீட்டுக்கு வந்து மாமா இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார்.

உம்மா சிரிக்கவில்லை. வாப்பா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார்.

“போய் மாத்தச் சொல்லுல.”

“நாடாவுல ஏறிட்டு மச்சான். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுப் பதியணுமாம்.”

“அப்ப நடிக்க மாட்டேன்னு சொல்லு.”

 “ஒரு துரோகியா நடிக்கச் சொன்னா இவனுக்கு ஏன் இப்படிக் குத்துதுன்னு கேப்பாவளே மச்சான். அதுக்கு என்ன சொல்ல?” என்றார் மாமா. வாப்பா ஊசியை மீண்டும் கையிலெடுத்தார்.

விழா தொடங்கிய மாலையிலிருந்து அரைமணிக்கொருமுறை ஒலிபெருக்கியில் மாமாவின் பெயர் எழுந்தது. ‘நாம் ஒரே தட்டில் உண்டோமே!’ என்று கதறும் குரலுக்கு முன்னால், நீட்டி முழங்கும் அந்தப் பெயர். அடுக்களையில் உம்மா ஒவ்வொரு முறையும், தம்பியை யாரோ வாசலில் கூப்பிடுவதுபோலத் திடுக்கிட்டு எட்டிப்பார்ப்பார். எனக்கோ பெருமை தாளவில்லை. ஊரெல்லாம் வரிசையில் நின்று காண்பது என் மாமாவை அல்லவா?

முதலில் சிறுவர்கள் தொடங்கினார்கள். காலையில் மாமா பால் வாங்கப் போனால், “ஃபிதூர்! ஃபிதூர்!” என்று பின்னாலேயே ஓடினார்கள். துரோகிக்கு மராத்தியில் அதுவே பெயர். மாமாவும் கண்ணை உருட்டிச் சுடுவதுபோல் விரலை நீட்டுவார். ஐந்தாம் நாளில் பெரியவர்கள் சிலரும் அப்படி அழைத்தார்கள், அவர்கள் ஓடவில்லை. கடைக்கு ஆண்டுக்கணக்காகச் சீருடை தைக்க வந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், பாதி தைத்த சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். 

வெளிப்பேட்டைகளிலிருந்து கூட்டம் பெருகிய நாளில் மேடைமீது செருப்பு விழுந்தது. மறுநாள் கல். மாமாவின் புருவம் பிளந்து, பஞ்சுப்பனியில் சிவப்பு சொட்டியது. காட்சி வெகு தத்ரூபம் என்று கூட்டம் கைதட்டியது.

“ரத்தம் நிஜமாடா?” என்று திரைக்குப் பின்னால் பாவு பதறி ஓடிவந்தார். தம் கைக்குட்டையாலேயே கட்டுப்போட்டார். “இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கோ. மண்டல்களுக்கான போட்டி நடுவர்கள் வர்ற நாள்.”

அன்றிரவு வாப்பா, “ஊருக்கு ரயில் ஏத்திவிடுதேன். போதும்ல” என்றார்.

“தம்பி, மச்சான் சொல்லத கேளு” என்றார் உம்மா.

“நடுவுல ஓடிப்போனா அந்த நாடாவுல சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிரும் லாத்தா. பொறவு இந்தச் சந்துல நீங்க எப்படி இருப்பிய?” என்றார் மாமா, அக்காவைப் பார்த்து.

அதற்கு அடுத்த மாலையில்தான் அது தொடங்கியது. காட்சியின் முடிவில் துரோகியும் வீரனும் பிணமாகக் கிடப்பார்கள். ஒலிநாடா நின்றுவிடும். பாவு மேடையேறி “பாரத் மாதா கீ” என்பார். கூட்டம் “ஜே” என்னும். அன்று கூட்டத்தின் குரலுக்கு முன்னதாக, செத்துக்கிடந்த துரோகியின் வாயிலிருந்து “ஜே” எழுந்தது. கூட்டத்தில் பெருஞ்சிரிப்பு. தோளில் கிடந்த துண்டு முகத்தை மூடியிருக்க, மாமா மீண்டும் கத்தினார்.

“பிணம் எங்கேயாவது கத்துமா? காட்சியே கெட்டுப்போச்சு” என்று பாவு கடிந்துகொண்டார். மாமா தலையாட்டினார். அரைமணிக்குப் பின் மீண்டும் கத்தினார். மறுநாளும் கத்தினார், தொண்டை கட்டிய பிறகும் கத்தினார். நிறைவு மாலையில் உம்மாவின் கையைப் பற்றியபடி நான் முன்வரிசையில் நின்றேன். என் பள்ளித்தோழிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.  நான் வெட்கத்தால் குன்றிப்போனேன்.

வீடு திரும்பும் வழியில் சொல்லியே விட்டேன்: “மாமா, செத்தவங்க பேசக் கூடாது. உங்களுக்கு நடிக்கவே தெரியல.”

“மறந்துட்டேன் கண்ணு” என்றார் மாமா. குரல் எழும்பாமல் காற்றாகத்தான் வந்தது.

நம்பினேன். அத்தனை மாலைகளிலும், அத்தனை காட்சிகளிலும், மிகச் சரியாக அதே இடத்தில் ஒருவர் தாம் இறந்துவிட்டதை மறக்க முடியுமா என்று கேட்கும் வயது எனக்கு வந்திருக்கவில்லை.