என் கால்சட்டையைக் கடித்த கரடி

மலாக்கா வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நேற்று மாலை, டுரியான் துங்காலில், அடியேனின் சட்டையிலிருந்து கழன்று விழுந்த பட்டன் ஒன்று, இரண்டே நிமிடத்தில் மீண்டும் தைக்கப்பட்டது. தைத்தவர்: அடியேனே. உயிர்ச்சேதம் இல்லை. விரலில் லேசாக ரத்தம், அவ்வளவுதான்.

நம்ம கிளாஸ் குரூப்புல போட்டோ போட்டதும் கேட்டீங்க... "டேய், உனக்கு ஊசி புடிக்கத் தெரியுமா? எங்கடா கத்துக்கிட்ட?"

சொல்றேன் லா.

பழைய தலகாணியக் கிழிச்சா கெக்காபு, அதான் இலவம் பஞ்சு, அதுல இருந்து ஒரு வாசன வருமே... தூசி, தலை எண்ணெய், வெயில், எல்லாம் கலந்து. மூக்குல ஏறினா பத்து தும்மல் கேரண்டி. பதிமூணு வயசுல ஒரு வாரம் முழுக்க நான் அந்த வாசனையிலதான் இருந்தேன். என் தலகாணிய நானே கிழிச்சேன்.

ஒரு கரடி தைக்க.

தங்கச்சி யாழினிக்கு. அப்போ அவளுக்கு நாலு வயசு. அந்த சனிக்கிழமை அவள கிள்ளான்ல இருக்கிற பெரியம்மாகிட்ட குடுக்கப் போறாங்க.

குடுக்கறதுன்னா ஸ்கூல் லீவுக்கு இல்ல. மொத்தமா.

அம்மாவோட அக்காவுக்குப் புள்ள இல்ல. யாழினி வயித்துல இருக்கும்போதே, "இது உனக்குதான்கா"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் பால்குடி மறக்கட்டும், நடக்கட்டும், பேச்சு வரட்டும்னு இழுத்து இழுத்து நாலு வருஷம் ஓட்டுனாங்க. கடைசியா பெரியம்மா போன்ல, "பாலர் பள்ளியில சேக்கணும். இனிமே தள்ளாத"ன்னுட்டாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. அம்மாவும் இல்ல. யாராச்சும் ஒருத்தர் கெட்டவங்களா இருந்திருந்தா எனக்குத் திட்டவாவது வசதியா இருந்திருக்கும்.

என்கிட்ட யாரும் கேக்கல. பதிமூணு வயசுக்கு ஓட்டு கிடையாது.

அதான் கரடி. என்னைய மறக்காம இருக்க.

துணி, ஸ்போர்ட்ஸ் டேக்கு குடுத்த மஞ்சள் டி-ஷர்ட். யூடியூப்ல ஒரு அக்கா எட்டு நிமிஷத்துல தைச்சாங்க. எனக்கு அஞ்சு நாள். துணிய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி வச்சுத் தைச்சிட்டு, அப்புறம் திருப்பணுமாம். வீடியோவுல அந்த இடத்த நான் தைச்சு முடிச்சப்புறம்தான் பாத்தேன். தையல் எல்லாம் வெளிய... ஆப்பரேஷன் முடிஞ்சு வார்டுல படுத்திருக்கிற கரடி மாதிரி.

ஒரு கண்ணு என் ஸ்கூல் சட்டை பட்டன். இன்னொண்ணு அப்பா வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டையில இருந்து சுட்டது. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. ஒரு கண்ணால தூங்கும், ஒரு கண்ணால முறைக்கும்.

புதன்கிழமை மடியில வச்சு கால் தைச்சேன். தண்ணி குடிக்க எந்திரிச்சா, கரடியும் கூடவே எந்திரிக்குது! என் கால்சட்டையோட சேத்துத் தைச்சிருக்கேன்.

யாழினி தரையில உருண்டு உருண்டு சிரிச்சா. "டேய் அண்ணா! கரடி உன்ன கடிச்சிருச்சு! விடு கரடி... விடு!" அத புடிச்சு இழுத்தா பாருங்க, மானம் போயிருக்கும்.

எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு உண்டு. அவளோட செருப்பு, பன், பென்சில், எதையாவது முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு, "காணோமே... ஏமாந்தியா?"ம்பேன். அவ கைய நீட்டிக்கிட்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு"ன்னு எண்ணுவா. மூணுக்குக் குடுத்துடணும். அதான் ரூல். ஒரு நாள் கூட நான் மீறினதில்ல.

சனிக்கிழமை காலையில கார் வந்துச்சு. அம்மா வாசல் கேட்டு வரைக்கும் வரல. அடுப்படியில பைப்பத் திறந்து விட்டுட்டு, கழுவின பாத்திரத்தையே கழுவிக்கிட்டு இருந்தாங்க. நான் கரடியக் குடுத்தேன். அவ கட்டிப் புடிச்சுக்கிட்டா. இன்னிக்கும் அது இல்லாம அவளுக்குத் தூக்கம் வராது.

இதானே நான் கேன்டீன்ல உங்களுக்குச் சொன்ன கதை? பொண்ணுங்க கூட "சோ ஸ்வீட்"ன்னீங்களே...

இப்போ அவளுக்கு ஒம்போது வயசு. தீபாவளிக்கு வந்தா. கிளேபாங் பீச்சுக்குப் போய் கோக்கனட் ஷேக் வாங்கினோம். "சித்தி, எனக்கு ஐஸ்கிரீம் போட்டது"ன்னா.

சித்தின்னது எங்க அம்மாவ.

அம்மா பையில எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் தேடினாங்க.

நான் மட்டும் தப்பிச்சேன். பெரியம்மா மகளுக்கும் அண்ணன் அண்ணன்தானே... பதவி பறிபோகாத ஒரே ஆளு. ஆனா அந்த 'டேய்' போயிருச்சு. "அண்ணா, நீங்க குடிக்கலயா?"ங்கிறா. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட கேக்கற மாதிரி.

சரி... உண்மையச் சொல்லிடறேன்.

அன்னிக்கு கார் பின் சீட்டுல பெரியம்மா வாங்கின டெட்டி ஒண்ணு உக்காந்திருந்துச்சு. பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல. என் உசரம் இருக்கும். ரெண்டு கண்ணும் ஒரே சைஸ். அதப் பாத்ததும் என் கை தானா முதுகுக்குப் பின்னால போயிருச்சு.

யாழினி ஜன்னல் வழியா, "டேய் அண்ணா, என் கரடி?"ன்னா.

"எந்தக் கரடி? காணோமே... ஏமாந்தியா?"

அவ சிரிச்சா. விளையாட்டுன்னு நெனச்சிட்டா. கைய வெளிய நீட்டிக்கிட்டு எண்ண ஆரம்பிச்சா. ஒண்ணு... ரெண்டு...

மூணு.

நான் குடுக்கல. கார் வளைவு திரும்புற வரைக்கும் அந்தக் கை உள்ள போகல.

உள்ள வந்து அம்மாகிட்ட, "குடுத்துட்டேன்மா"ன்னேன். அங்க ஆரம்பிச்ச பொய்தான் கேன்டீன் வரைக்கும் வந்துச்சு.

கரடி என் கட்டில்லதான் இருக்கு. கெக்காபு இன்னமும் தும்மல் வர வைக்குது. அது இல்லாம தூக்கம் வராதுன்னு சொன்னேனே... அது பொய் இல்ல. ஆள மட்டும்தான் மாத்திச் சொன்னேன்.

பதினெட்டு வயசு. மீசை வேற. சிரிக்கறவங்க சிரிச்சிட்டுப் போங்க லா.