மலைமேல் கண்ட மொட்டைத் தலை

தொழில்முறைக் குத்துச்சண்டையில் சாம்பியன் பட்டத்தை இழந்த மறுவாரம், மனம் ஆறட்டும் என்று திருத்தணி மலைக்குச் சென்றேன். விலா இன்னும் வலித்தது. பயிற்சியின்போது அங்கே எலும்பில் விரிசல் விழுந்ததை, என் அக்காள் கணவரும் பயிற்சியாளருமான பாவா ஒருவரே அறிவார். எதிராளியோ முதல் சுற்றிலிருந்தே அந்த இடத்தையே குறிவைத்தான். அது அவனுடைய கூர்மை என்று நான் வியந்திருந்தேன்.

முடிகாணிக்கை மண்டபத்தின் வாசலில் பாவா நின்றிருந்தார். மழித்த தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. அருகில், அதே கோலத்தில், என்னை வென்றவன் நின்றான்.

“உனுக்காகத்தான் நைனா வேண்டிகினேன்” என்றார் பாவா பதறி.

“ஜெயிச்சா மொட்டைன்னுதான வேண்டிகுவாங்க பாவா? நான்தான் தோத்துட்டேனே.”

அவர் கை தன் தலையைத் தடவியது. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “உனுக்கு வயசாய்கினே போவுது. எனுக்கும் ஒரு சாம்பியன் வேணுமில்ல?”

புதிய சாம்பியன் தலை குனிந்துகொண்டான். நான் படியிறங்கினேன்.

விலா ஆறிவிட்டது, மீண்டும் மேடையேறுகிறேன். கையுறைக்கு அடியில் முன்பு பாவா சுற்றிவிட்ட கைப்பட்டையை இப்போது, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, நானே சுற்றிக்கொள்கிறேன். அவர் சுற்றியதுபோல் அது ஒருநாளும் இறுக்கமாக அமைவதில்லை.