தொழுவத்துக்குள் ஒரு குரல்

தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் மாடு வாங்கினாள். அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. தனிக்கட்டை, கையில் ஓய்வூதியம், நாலு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டியதுதானே என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்று மூன்றாகி, மூன்று ஆறாகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கு அவள் தபால்காரம்மாதான்.

முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, நான் சொல்லும்வரை மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு மாடியில். தொழுவம் வீட்டுக்குப் பின்னால், முற்றம் தாண்டி. கூடவே வந்து இருப்பதாகத் தம்பி வாக்குக் கொடுத்திருந்தான். வந்தது தம்பி அல்ல, ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நான்கு வயர்லெஸ் கேமராக்கள்.

"வேலை கழுத்த நெரிக்குதுக்கா. இத மாட்டிட்டா படுத்த இடத்துலேர்ந்தே மாட்டப் பாத்துக்கலாம்" என்றான் போனில்.

தினமும் வரும் கறவைக்காரி ஏணியில் ஏறினாள். தபால்காரம்மா கீழே நாற்காலியில் உட்கார்ந்து கட்டளையிட்டாள்.

"பால் கறக்க வந்தவள ஆணி அடிக்க வெச்சுட்டீங்களேம்மா."

"கொஞ்சம் இடப்பக்கம். தண்ணித்தொட்டி தெரியணும்."

தாழ்வாகத் தூணில் மாட்டிய கேமராவைக் கிடாரி ஒன்று நக்கி வைத்தது. போன் திரை முழுக்க நாக்குதான். உள்பக்கத்து இரண்டு கேமராக்களுக்குச் சிக்னலே எட்டவில்லை. தகரச் சுவர் மறைக்கிறது என்று தம்பி கண்டுபிடித்துச் சொல்ல, சிக்னலை வாங்கி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். பிறகு நான்கு கட்டத்திலும் மாடுகள் தெரிந்தன.

ஆபரேஷன் முடிந்து, நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிவரப்பட்டுப் படுக்கையோடு கிடந்த நாட்களில் அந்தத் திரைதான் துணை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு ஏதோ உறுத்தியது. தான் போகாவிட்டால் தொழுவமே அல்லோலகல்லோலப்படும் என்று நினைத்திருந்தாள். அவையோ கறவைக்காரி போட்டதைத் தின்றன, படுத்தன, ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. யாரும் அவளைத் தேடியதாகத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், கேமரா வழியே பேசும் பொத்தான் இருப்பது கண்ணில் பட்டது. அழுத்தினாள்.

"என்னடி கிழவி, தின்னியா?"

ஆறு தலைகளும் நிமிர்ந்தன. கிழவி என்று அவள் செல்லமாகக் கூப்பிடும் மூத்த பசு அசைபோடுவதை நிறுத்தியது. காதைத் திருப்பியது. எழுந்து, அவள் எப்போதும் நுழையும் கதவருகே போய் நின்றது. தபால்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முழுவதும் பேசித் தீர்த்தாள்.

மற்ற ஐந்தும் சீக்கிரமே சட்டை செய்வதை விட்டன. கிழவி மட்டும் ஒவ்வொரு முறையும் கதவுக்குப் போனது. போனால் லேசில் திரும்புவதில்லை.

கறவைக்காரி மாடிக்கு வந்து படுக்கையருகே நின்றாள். "தப்பா நெனக்காதீங்கம்மா. நீங்க பேசப் பேச அது தீவனத்தத் தொடமாட்டேங்குது. கதவையே பாத்துக்கிட்டு நிக்குது. பாலும் கொறஞ்சு போச்சு. பாவம், அதுக்கு என்ன தெரியும்?"

அன்று சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். பின்னால் வண்டிகளின் சத்தம்.

"கால் எப்படி இருக்குக்கா?"

"பரவால்ல. எப்ப வர்ற?"

"பாக்கறேன்க்கா. அதான் தினமும் பேசிக்கிறோமே."

அவள் போனை வைத்தாள். அதற்குப் பிறகு தொழுவத்தோடு பேசும் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. கிழவி சில நாள் கதவருகே போய்ப் பார்த்தது. அப்புறம் அதையும் விட்டது. சத்தமில்லாத அந்தப் படத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் அனுமதித்ததும் ஊன்றுகோலோடு படி இறங்கினாள். முற்றத்திலிருந்தே கூப்பிட்டாள். கிழவி திரும்பவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய்க் கூப்பிட்டாள். காதுகூட அசையவில்லை.

"கோவமாம்மா அதுக்கு?" என்றாள் கறவைக்காரி.

"கோவமில்ல. இந்தக் குரல் வந்தா ஆள் வராதுன்னு புரிஞ்சுக்கிச்சு."

கிட்டே போய்க் கழுத்தில் கை வைத்தாள். பசு திடுக்கிட்டுத் திரும்பியது. கையை முகர்ந்தது, புடவையை முகர்ந்தது, ஊன்றுகோலை முகர்ந்தது. பிறகு கனமான தலையை அவள் இடுப்பில் சாய்த்தது. அவளால் அந்தப் பாரம் தாங்க முடியவில்லை. கறவைக்காரி முதுகுப்பக்கம் வந்து பிடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து தம்பி ஒரு பகல் வந்துபோனான். தொழுவத்தை நேரில் பார்த்ததைவிடப் போனில்தான் அதிகம் பார்த்தான். "படம் கண்ணாடி மாதிரி இருக்குக்கா" என்று மெச்சிக்கொண்டான். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

அவனை வழியனுப்பிவிட்டு அவள் தொழுவத்துக்குப் போனாள். கிழவி கூப்பிட்டால் இன்னும் வருவதில்லை. வைக்கோல் மேல் மெல்லக் காலை எடுத்து வைத்து, அது நின்ற கடைசி மூலைவரை நடந்து, அதன் முதுகைத் தொட்டாள்.