அதிரசத்துக்குக் கிலோ

அக்காவின் தலை தீபாவளிக்குச் செய்த அதிரசம் கல்லாகிப் போனதற்கு அம்மாதான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவுக்கு நாகல் நகரில் அரிசிக்கடை. படி போய்க் கிலோ வந்த புதிது. கடையில் படியை எடுத்துவிட்டுத் தராசு வைத்தவர் அதோடு நிற்கவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவின் படியையும் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, அங்கேயும் ஒரு தராசைத் தொங்கவிட்டார். ஒரு படி அரிசி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அரிசியைத் தவிர வேறு எதையும் அவர் அளந்ததில்லை.

அதிரசத்துக்கு அம்மாவின் கணக்கு, இத்தனை படி மாவுக்கு இவ்வளவு வெல்லம் என்பது. வெல்லம் என்றைக்கும் எடைதான், அதில் குழப்பமில்லை. மாவைத்தான் அப்பா படிக்கு ஒன்றரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுத்தார். இடித்துச் சலித்த மாவு அரிசி மாதிரி கனக்குமா? ஒரு படி மாவு ஒரு கிலோவே தேறுமோ என்னவோ!

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தராசின் ஒரு தட்டில் டம்ளர் நிறைய அரிசி, மறு தட்டில் அதே டம்ளர் நிறைய மாவு கொட்டினேன். அரிசித் தட்டு விருட்டென்று கீழே இறங்கியது. அப்பா தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“படின்னா படிதேன். அரிசிக்கு ஒண்ணு, மாவுக்கு ஒண்ணா? போடி அங்கிட்டு” என்று தலையில் ஒரு குட்டு வைத்தார்.

பாகில் மாவைக் கொட்டும்போதே அம்மா தயங்கினாள். “கெட்டியாப் போகுது. இம்புட்டு மாவு வேணாங்க.”

“தராசு பொய் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டு, அத்தனை மாவும் விழும்வரை அப்பா அங்கேயே நின்றார்.

தீபாவளியன்று வடமதுரையிலிருந்து அக்காவோடும் மாப்பிள்ளையோடும் அக்காவின் மாமியாரும் வந்திருந்தார். அதிரசத்தைக் கடித்துப் பார்த்து, அப்படியே இலையில் திரும்ப வைத்தார்.

“ஒங்க மக சமையலு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தேன் தெரியுது, மதினி.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அப்பா குனிந்து தன் இலையில் இருந்த அதிரசத்தை உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பாதான்...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“பாகு முத்திப்போச்சு மதினி. ஏங் கைத்தப்பு” என்றாள்.

அன்று எனக்கு அம்மாவைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கிலோ என்று சொல்லிக் கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அரிசிக்கடைக்காரர் தன் வீட்டிலேயே தப்பாக நிறுத்தார் என்று பேச்சுக் கிளம்பியிருந்தால் எங்கள் கடைக்கு யார் வந்திருப்பார்கள்? பெற்ற மகள் எதிரே அம்மா பழியை வாங்கிக்கொண்டது அதற்காகத்தான் என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.

புரிந்த பிறகும் கோபம் ஆறவில்லை. அம்மா சொன்னதை அப்பா அப்படியே நம்பிவிட்டார்! அடுத்த தீபாவளிக்கு அம்மா சத்தமில்லாமல் தன் படியிலேயே மாவை அளந்துகொண்டாள். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. வருஷா வருஷம் அடுப்படி வாசலில் வந்து நின்று, “பாத்து, பாகை முத்த விட்டுறாத” என்பார். அதிரசம் மெத்தென்று வந்துவிடும். தான் சொன்னதால்தான் வந்தது என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.